ஆறாவது தூணில் ஒரு துளை

பீட் கிழங்கு வண்டியைப் பின்னுக்கு நகர்த்தினால்தான்
ஆறாவது தூணை நெருங்க முடியும்.
காஸ்பார் நகர்த்தினார்.
வண்டியின் மூலை ஏற்கெனவே மூன்று முறை
அந்த ஓக் மரத்தில் முட்டியிருக்கிறது.
தழும்பைத் தட்டிக் காட்டினார்,
மாட்டின் முதுகைத் தட்டுகிற மாதிரி.

நான் மரத்துக்கு வயது பார்க்க வந்தவள்.
என் துரப்பணம் சுண்டுவிரல் கனம்.
தூணின் ஒரு விளிம்பில் பட்டை இன்னும் ஒட்டியிருந்தது;
செதுக்கியவன் அந்தப் பக்கம் வரும்போது
களைத்திருக்க வேண்டும், அல்லது பசித்திருக்க வேண்டும்.
அவன் விட்ட குறைதான் எனக்குச் சாட்சி.
பட்டை இல்லாத மரம் பிறந்த கதை சொல்லும்,
செத்த நாளைச் சொல்லாது.

துறவிகளின் கோயில் இல்லை.
அது நின்ற இடத்தில் கோதுமைத் தாள்.
வறண்ட ஜூலையில் மட்டும்
புதைந்த சுவரின் மேல் பயிர் முந்திப் பழுக்கும்,
வானத்திலிருந்து பார்த்தால் சிலுவை தெரியுமாம்.
"எனக்கு அந்தக் கோட்டில் மூட்டை குறைவதுதான் தெரியும்."

புரட்சிக்குப் பின் ஏலம் எடுத்த கல் வியாபாரி
கோயிலை வண்டி வண்டியாய் விற்றான்.
பீடத்தின் படிகள் ஓடைப் பாலத்தில்.
மடத்துத் தலைவரின் கல்லறைப் பலகை
முகம் கவிழ்ந்து ஒரு மதுக்கடை வாசலில்.
களஞ்சியத்தை இடிக்கவும் ஆள் வந்ததாம், ஆகஸ்டில்.
உள்ளே உத்தரம் முட்டக் கதிர்க்கட்டு.
போரடித்து முடியட்டும் என்றார்கள்.
முடிவதற்குள் பனி.
மறு வருடமும் வந்தார்கள், மறுபடி ஆகஸ்டில்.
கல் வியாபாரிக்கு நாள் பார்க்கத் தெரியவில்லை.
இது காஸ்பார் சொல்வது, காகிதம் எதுவும் இல்லை.

ஆனால் தூணுக்கு அடியில் இருந்த கல்
இளஞ்சிவப்பாய் இருந்தது.
"இந்தப் பக்கத்துக் கல்லே அப்படித்தான்," என்றார்.
இல்லை. வெளிச்சுவரில் அதே கல் வெள்ளை.
சுண்ணாம்புக்கல் சிவக்க
நெருப்பு வேண்டும்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆய்வகத்தில், உருப்பெருக்கியின் கீழ்,
வட்டம் வட்டமாய்ப் பின்னோக்கி நடந்தேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பதினைந்து, பதினாறு, பதினேழு.
மூன்று வருடம் மழை விடவில்லை அங்கே.
விதை மண்ணிலேயே அழுகியது, உப்பு விளையவில்லை,
படியளக்கிறவன் படியைக் கவிழ்த்து வைத்திருந்தான்.
மரத்தில் அந்த மூன்றும்தான்
ஆகக் கொழுத்த வளையங்கள்.
அதற்கு என்ன, குடித்தது.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் சொன்னேன்.
அறுவடை இயந்திரத்தின் இரைச்சலுக்குள்ளிருந்து
"அப்படியென்றால் அந்தப் பஞ்சத்தில்
இது இங்கே இல்லை."
இல்லை. பதினோரு வருடம் கழித்து வெட்டிய மரம்.
"அப்போது இருந்த களஞ்சியம்?"
பத்தில் ஒரு பங்கு வந்து சேர்ந்த கதவு,
பூட்டியிருந்ததா, திறந்ததா,
இடி விழுந்ததா, யாராவது தீப்பந்தத்தோடு வந்தார்களா,
மரத்துக்குத் தெரியாது என்றேன். அப்போது அது காட்டில்
தின்றுகொண்டிருந்தது.

இரைச்சல் நின்றது.
எந்த மாதம் வெட்டினார்கள் என்று கேட்டார்.
வருடம் கேட்பார்கள், மாதம் யாரும் கேட்டதில்லை.
கடைசி வளையம் பாதி, வசந்தத்தின் பெரிய துளைகள் மட்டும்.
ஏப்ரல் முடிவு, இல்லையென்றால் மே, என்றேன்.

"மேயில் களையெடுப்பு," என்றார்.
"மேயில் எவனும் தானாக மரம் வெட்டப் போகமாட்டான்.
வயலிலிருந்து இழுத்துப் போயிருப்பார்கள்."

பிறகு இயந்திரம் மறுபடி கிளம்பியது.
துளையை நான் ஓக் ஆணியால் அடைத்துவிட்டுத்தான் வந்தேன்,
அதையும் சொல்ல வாயெடுத்தேன்,
அவருக்குக் கேட்டிருக்காது.